காதடி வீங்கிய குதிரைக்குச் சூடு போடாதீர்கள்

கார்த்திகையில் மழை கொஞ்சம் விட்டு வெயில் தலைகாட்டினால் போதும், டெல்டாவில் வாய்க்கால் கரை, வரப்பு, திடல், ரோட்டோரம் என்று கால் வைக்கிற இடமெல்லாம் புல் தளதளவென்று கிளம்பிவிடும். அதுவரை வைக்கோலும் கொள்ளுமாகத் தின்று அலுத்துப்போன குதிரையை அந்தப் புல்லில் முளையடித்துக் கட்டினால் அது தலையைத் தூக்கவே தூக்காது. காலையில் கட்டிவிட்டு நடவுக்கோ களைக்கோ போய்விட்டு, சாயங்காலம் அவிழ்க்க வரும்போது பார்த்தால் இரண்டு காதுக்கும் கீழே, தாடை முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வீங்கிக் கிடக்கும். காலையில் அப்படி ஒன்றும் இருந்திருக்காது. பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளையின் முகம் மாதிரியே இருக்கும் என்பதால் பார்த்தவுடன் வயிறு கலங்கும்.

அப்புறம் ஊரில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். "நெறி கட்டிடுச்சு" என்பார் ஒருவர், நெறி என்றால் நிணநீர்க் கணு. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடச் சொல்வார் இன்னொருவர். மருந்துக்கடையில் ஊசி வாங்கி வந்து தானே குத்திவிடுகிற ஆளும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் வீக்கத்தின் மேல் இரண்டு இழுப்பு இழுத்துவிடுகிற பழக்கம் இன்னும் நம் பக்கம் ஒழியவில்லை. ரேக்ளா குதிரை வைத்திருப்பவர்களில் நல்ல மனிதர்கள், குதிரையைப் பிள்ளை மாதிரி வளர்ப்பவர்கள்கூட, இந்த ஒரு விஷயத்தில் இரும்பைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. என் அப்பா மாயவரம் ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டியவர், நானும் என் தம்பியும் இப்போது ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கு ஒரு நடுக்குதிரை வைத்திருக்கிறோம் (கரிச்சான், நடு, பெரிய என்பவை பந்தயத்தில் குதிரைகளைப் பிரிக்கிற வகைகள்). குதிரையோடேயே வளர்ந்ததாலும், மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதாலும் சொல்கிறேன்.

முதலில் வீங்குவது எது என்று பார்ப்போம். குதிரையின் காதுக்கு நேர் கீழே, தாடை எலும்பின் பின்விளிம்புக்கும் கழுத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் ஓர் உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. நமக்கும் அதே இடத்தில் உண்டு, பொன்னுக்கு வீங்கியில் வீங்குவதும் அதுதான். குதிரைக்கு இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகளில் இதுதான் பெரியது. ஒரு முழத்தில் பாதி நீளம் இருக்கும். சாதாரண நாளில் கையை வைத்துத் தடவினால் தெரியவே தெரியாது, பள்ளம் மட்டும்தான் விரலுக்குத் தட்டுப்படும். அந்தச் சுரப்பியிலிருந்து ஒரு குழாய் கிளம்பித் தாடையின் உள்பக்கமாகவே ஓடி, குதிரைக்கு நாடி பார்க்கும் இடத்தில் தாடையின் கீழ்விளிம்பைச் சுற்றி வெளியே வந்து, கன்னத்தின் வழியாக மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே திறக்கிறது. ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு 35 முதல் 40 லிட்டர் வரை உமிழ்நீர் ஊறும். மனிதனுக்குச் சாப்பாட்டை நினைத்தாலே வாயில் ஊறுகிறதே, குதிரைக்கு இந்தச் சுரப்பி அப்படி வேலை செய்யாது, மென்றால்தான் சுரக்கும்.

வீங்கியபோது தொட்டுப் பாருங்கள். எங்கள் குதிரைக்குப் போன மழைக்காலத்தில் வந்தபோது நான் நிதானமாகத் தொட்டுப் பார்த்தேன். பிசைந்த மாவு அளவுக்கு மெத்தென்றும் இல்லை, கல் மாதிரியும் இல்லை. மேல்பகுதி காதின் அடியோடு ஒட்டி, கீழ்ப்பகுதி தொண்டைப் பக்கம் மெல்லிசாக முடிந்தது. அழுத்தியபோது குதிரை தலையைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை. தோலில் சூடு இல்லை. என் தோளில் மூக்கை இடித்துக் கொள்ளுக்கு அவசரப்படுத்திக்கொண்டிருந்தது. வலியில் இருக்கும் குதிரை அப்படிச் செய்யாது.

என் அத்தை மகன் கிண்டியில் குதிரை பழக்கிக்கொண்டிருந்தவர், இப்போது அயர்லாந்தில் ஒரு குதிரைப் பண்ணையில் வேலை பார்க்கிறார். அவரிடம் வீடியோவில் காட்டினேன். "மாப்ளே, இது இங்க ஏப்ரல் மே மாசத்துல சர்வ சாதாரணம். குளிர்காலம் முழுக்கக் காய்ந்த புல்லைத் தின்னுட்டு, வசந்தத்துல புதுப் புல்லுக்கு விட்டதும் நாலஞ்சு குதிரைக்காவது இப்படி வீங்கும். ராத்திரி லாயத்துல கட்டிடுவோம், விடிஞ்சா பாதிக்கு மேல வடிஞ்சிருக்கும்" என்றார். அங்கே அதற்குப் புல் சுரப்பி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மறுபடி புல்லுக்கு விட்டால் மறுபடி வீங்கும், லாயத்துக்குக் கொண்டுவந்தால் வடியும், சில வாரத்தில் புல் முற்றியதும் அதுவும் நின்றுவிடும். அதற்கென்று அவர்கள் மருந்து எதுவும் கொடுப்பதில்லை.

ஏன் வீங்குகிறது என்பதில் கால்நடை மருத்துவத்தில் இன்னும் ஒரே முடிவு வரவில்லை. புதுப் புல்லிலோ அதன் மகரந்தத்திலோ உள்ள ஏதோ ஒன்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் சுரப்பி வீங்குகிறது என்பது ஒரு கணிப்பு. நாள் முழுக்கத் தலையைத் தாழ்த்தியே மேய்வதால் அந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது என்பது இன்னொன்று. எனக்கென்னவோ இரண்டும் சேர்ந்துதான் என்று படுகிறது, ஏனென்றால் அதே புல்லை அறுத்து வந்து தொட்டியில் போடும்போது எங்கள் குதிரைக்கு வீக்கம் குறைவாகவே வருகிறது.

நமக்கு வசந்தப் புல் கிடையாது. பங்குனி சித்திரையில் இங்கே தரை வெடித்துக் கிடக்கும். நம் பச்சைக்கு இரண்டு பருவம்: மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12இல் தண்ணீர் திறந்து அது கடைமடைக்கு வந்து சேரும் ஆடி ஆவணி ஒன்று, வடகிழக்குப் பருவமழை தணியும் கார்த்திகை மார்கழி இன்னொன்று. புல்லும் வேறு. குளிர் நாட்டுப் புல் சர்க்கரையை ஒரு விதமாகச் சேர்த்து வைக்கும், அதைத் தின்றுதான் அங்கே குதிரைகளுக்குக் குளம்பு அழற்சி வருகிறது. நம் அறுகம்புல் சேர்த்து வைப்பது மாவுச்சத்து. ஆகவே அங்கே சொல்வதையெல்லாம் அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் காய்ந்த தீனியிலிருந்து ஒரே நாளில் இளம்பச்சைக்குத் தாவுவது இரண்டு ஊருக்கும் பொது. கோடியக்கரையில் வெளிமானோடு திரிகிற காட்டுக்குதிரைகளுக்கு இந்தத் தாவல் கிடையாது, அவை வருஷம் முழுக்கத் தரையில் உள்ளதைத்தான் மேய்கின்றன. நம் குதிரையை முதல் நாளே விடிந்ததிலிருந்து அந்தி வரைக்கும் கட்டிப்போடாமல், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று ஒரு வாரத்தில் கூட்டிக்கொண்டு போவது நல்லது. வீக்கத்துக்கு மட்டும் சொல்லவில்லை. வயிற்று வலிக்கும் அதுதான் பாதுகாப்பு. குதிரைக்கு வாந்தி வராது, உள்ளே போனது போனதுதான்.

சரி, சூட்டு விஷயத்துக்கு வருகிறேன். சூடு ஏன் இவ்வளவு நாள் நிலைத்தது என்று யோசித்தால் விடை அந்த வீக்கத்திலேயே இருக்கிறது. சாயங்காலம் சூடு போடுகிறோம். சூடு பட்ட குதிரையை மேயவிட முடியாது என்று லாயத்தில் கட்டுகிறோம். விடியும்போது வீக்கம் வடிந்திருக்கிறது. பேர் இரும்புக்குப் போய்விடுகிறது! பத்துப் போட்டவருக்கும், ஊசி குத்தியவருக்கும், திருநீறு மந்திரித்துக் கொடுத்தவருக்கும் அதே கதைதான். ஒன்றுமே செய்யாமல் கட்டிப்போட்டிருந்தாலும் வடிந்திருக்கும். பெரிய ஆபத்து இதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. இரும்பை நம்பிப் பழகியவர், தானாக வடியாத வேறொரு வீக்கம் வரும்போதும் இரும்பையே எடுப்பார். அது தொற்றுநோயாக இருந்தால் அந்த இரண்டு மூன்று நாளில் பக்கத்து லாயத்துக் குதிரைக்கும் ஒட்டிக்கொண்டுவிடும். சூட்டுப் புண்ணில் மழைக்காலத்து ஈ மொய்த்துப் புழு வைப்பது தனிக் கொடுமை.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகள் வருஷா வருஷம் கப்பல் கப்பலாக வந்து இறங்குவதையும், பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லாமலேயே அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போவதையும் சொல்கிறார். வெளியூர்க்காரரின் மிகைப்பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

திருக்கடையூர்ப் பக்கம் ஒரு பெரியவர், பெரிய குதிரை வைத்திருப்பவர், போன மார்கழியில் அந்தி நேரத்தில் போன் செய்தார். "தம்பி, நெறி கட்டிடுச்சு. ரெண்டு பக்கமும் இருக்கு. இரும்பைக் காய வச்சுட்டேன், இழுத்துடட்டுமா?"

"வேண்டாம் மாமா. மூக்கு ஒழுகுதா?"

"இல்லப்பா."

"தீனி எடுக்குதா?"

"அதெல்லாம் முட்டி மோதித் திங்குது."

"அப்ப ராத்திரி லாயத்துல கட்டிப் போடுங்க. பச்சை வேண்டாம், வைக்கோலும் தண்ணியும் போதும். காய்ச்சல் மட்டும் பார்த்துட்டு எனக்குச் சொல்லுங்க."

அவரிடம் தெர்மாமீட்டர் இல்லை, பேரனை அனுப்பி வாங்கி வரச் செய்தார். மறுநாள் காலையில் தாடைப் பள்ளம் திரும்பத் தெரிகிறது என்று அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

தெர்மாமீட்டர் விலை அதிகமில்லை, குதிரை வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும். பின்னால் ஒரு நூல் கட்டி, நூலின் மறுமுனையில் துணி கிளிப் ஒன்றை மாட்டி வாலில் பிடித்துவிடுங்கள், உள்ளே போய்விடாது, கீழே விழுந்தும் உடையாது. ஆசனவாயில் வைத்துப் பார்க்கும்போது 99.5 முதல் 101.3 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருந்தால் வளர்ந்த குதிரைக்குச் சரியான சூடு. ஓடி வந்ததும் பார்க்காதீர்கள், வெயிலில் நின்றதும் பார்க்காதீர்கள். நிழலில் ஆறவிட்டுப் பாருங்கள். 102ஐத் தாண்டினால் அதைப் புல் வீக்கம் என்று விட்டுவிடக் கூடாது.

தானாக வடியாத வீக்கம் என்று சொன்னேன் இல்லையா, அதில் முதலாவது ஸ்ட்ராங்கிள்ஸ். குதிரைக்காரர்கள் இதையும் நெறி என்றுதான் சொல்வார்கள், இங்கே அந்தச் சொல் சரியாகவே பொருந்தும், ஏனென்றால் வீங்குவது உமிழ்நீர்ச் சுரப்பி இல்லை, நெறிதான். இரண்டு தாடை எலும்புக்கும் நடுவில், மோவாய்க்குக் கீழே உள்ள இடைவெளியிலும், தொண்டைக்குப் பின்னாலும் வீங்கும். தொட்டால் சூடு, வலி. குதிரை கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், விழுங்கச் சிரமப்படும், தீனியை வாயில் வைத்துக் கீழே போடும். மூக்கில் முதலில் தண்ணீராகவும் பிறகு மஞ்சளாகக் கெட்டியாகவும் சளி. காய்ச்சல் 103, 104, 105 என்று போகும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஈக்வி என்ற கிருமி இதற்குக் காரணம். ஒன்று இரண்டு வாரத்தில் நெறி பழுத்து உடைந்து சீழ் வரும், பெரும்பாலான குதிரைகள் பிழைத்துக்கொள்ளும், ஆனால் தொண்டைப் பக்கத்து நெறி பெரிதானால் மூச்சையே அடைத்துவிடும். நாம் மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுவோம், குதிரையால் அது முடியாது.

இதில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: காய்ச்சல் முதலில் வருகிறது, கிருமி மூக்கு வழியே வெளியே வருவது அதற்கு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான். காய்ச்சல் தெரிந்த அன்றைக்கே தனியாகக் கட்டிவிட்டால் மற்ற குதிரைகளைக் காப்பாற்றிவிடலாம். வாளி, கடிவாளம், தேய்க்கிற பிரஷ், நம் கை, சட்டை எல்லாம் கிருமியைச் சுமக்கும். தண்ணீர்த் தொட்டியில் அது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். குணமான குதிரைகளிலும் சிலதுக்குக் காதுக்குப் பின்னால் தொண்டையை ஒட்டிய காற்றுப் பையில் கிருமி மாதக்கணக்கில் தங்கி, பார்வைக்கு நன்றாக இருந்துகொண்டே மற்றதுக்குப் பரப்பும். அந்தியூர்ச் சந்தையிலோ வேறு எங்கேயோ புதுக்குதிரை பிடித்து வந்தால் மூன்று வாரமாவது தனி இடம், தனி வாளி. கஷ்டம்தான். கொல்லையில் தென்னைக்கு அந்தப் பக்கம் கட்ட இடம் இருந்தாலும் போதும். நெறி பழுக்க ஆரம்பித்த பிறகு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் பழுத்து உடைவது தள்ளிப்போகும் என்பதால் மருத்துவர்கள் பெரும்பாலும் வெந்நீர் ஒத்தடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எப்போது ஊசி, எப்போது வேண்டாம் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், மருந்துக்கடைக்காரர் அல்ல.

இரண்டாவது கிளாண்டர்ஸ். நம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை, வட மாநிலங்களில் அவ்வப்போது தலைதூக்குகிறது. ஆனால் குதிரைகள் லாரியில் ஊர் ஊராகப் போகிற காலத்தில் தூரம் ஒரு பாதுகாப்பு இல்லை. பெரும்பாலும் ஒரு பக்க நெறி மட்டும் கெட்டியாகி எலும்போடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், பழுத்து உடையாது, மூக்கினுள் புண் இருக்கும், தோலில் வரிசையாகக் கட்டிகள் வந்து உடையும். மனிதனுக்கும் தொற்றும், உயிரையும் எடுக்கும். 2009ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் இது. ரத்த மாதிரி ஹரியானாவில் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்குப் போகும், உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வார்கள். கொடுமையான முடிவுதான். மறைத்து வைத்தால் அந்தக் குதிரையைக் குளிப்பாட்டுகிற பையனுக்கு வரும், அதை நினைத்துப் பாருங்கள்.

பாம்பையும் மறக்கக் கூடாது. புல்லில் மேயும் குதிரையை விரியன் கடிப்பது பெரும்பாலும் மூக்கிலோ உதட்டிலோதான். முகம் முன்பக்கத்திலிருந்து, மூக்கைச் சுற்றி, வேகமாக வீங்கும். குதிரையால் வாயால் மூச்சு விட முடியாததால், மூக்குத் துவாரம் அடைத்தால் மூச்சு நின்றுவிடும். இதற்கு ராத்திரி வரை காத்திருக்கக் கூடாது, உடனே 1962க்குப் போன் செய்து கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நமக்குப் பாம்பு கடித்தால் போடுகிற மருந்தே குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பதுதான். அதற்கு நாம் பட்ட கடன் கொஞ்சமல்ல.

இன்னொரு வீக்கம் டெல்டாவுக்கே உரியது மாதிரி ஆகிவிட்டது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ரைஸ் மில்லில் தவிடு மலிவாகக் கிடைக்கிறதென்று குதிரைக்கு மூன்று வேளையும் அரிசித் தவிட்டை அள்ளிப் போடுகிறோம். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அப்படியே மாதக்கணக்கில் தின்றால் ரத்தத்தில் குறையும் சுண்ணாம்பை ஈடுகட்ட உடம்பு எலும்பிலிருந்து எடுக்க ஆரம்பித்துவிடும். முக எலும்பு கரைந்து, அந்த இடத்தில் நார் வளர்ந்து, கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் மேடு தட்டும். அந்த வீக்கம் கெட்டியாக இருக்கும், ராத்திரியில் வடியாது, காதடியில் வராது, கன்ன எலும்பின் மேலேயே வரும். பல் ஆடும், மெல்ல வலிக்கும், இடம் மாறி மாறி நொண்டும். மாவு மில் குதிரைகளுக்கு வரும் நோய் என்று ஐரோப்பாவில் பழைய காலத்திலேயே இதற்குப் பேர் உண்டு. வாய்க்காலில் மண்டுகிற தண்ணீர்ப்புல்லும், கறவை மாட்டுக்குப் போடும் கம்பு நேப்பியரும் இதைக் கூட்டும், அவற்றில் உள்ள ஆக்சலேட் இருக்கிற சுண்ணாம்பையும் கட்டிப்போட்டுவிடும். மாடு இதைத் தாங்கும், அதன் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும். குதிரை தாங்காது. மாட்டுக்கு நல்லதெல்லாம் குதிரைக்கும் நல்லது என்று நினைப்பதில்தான் நாம் பல குதிரைகளின் முகத்தைக் கெடுக்கிறோம். தவிட்டைப் பாதிக்கும் கீழே குறையுங்கள், கடலைக்கொடி காய்ந்தது கிடைத்தால் போடுங்கள், சுண்ணாம்புச் சத்துப் பொடி எவ்வளவு என்று ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, கார்த்திகைப் புல்லில் மேய்ந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கி, காய்ச்சல் இல்லாமல், தீனி எடுத்துக்கொண்டு இருக்கிற குதிரைக்கு ஒரு ராத்திரி கொடுங்கள். விடிந்தும் குறையாவிட்டால், ஒரு பக்கம் மட்டும் என்றால், வலி என்றால், மருத்துவரைக் கூப்பிடுங்கள். பல்லில் சீழ், உமிழ்நீர்க் குழாயில் கல் என்று வேறு காரணங்களும் உண்டு.

இதில் காணும் பொங்கல் அவசரம் வேறு சேர்ந்துகொள்கிறது. புல் தளிர்க்கும் அதே வாரங்களில்தான் பந்தயத்துக்குக் குதிரையைத் தயார் செய்கிறோம். தை பிறக்க இத்தனை நாள்தான் இருக்கிறது என்று வீக்கத்தை உடனே அமுக்க ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். வீக்கம் அமுங்கும், உள்ளே ஸ்ட்ராங்கிள்ஸ் இருந்தால் அது பெருகும், குளம்பும் கெடலாம். கரிச்சான் குதிரையோ பெரிய குதிரையோ, காய்ச்சலோடு ஓடவிட்டால் நெஞ்சு தாங்காது. ஒரு வருஷப் பந்தயம் போனால் போகட்டும்.

பந்தயம் நடத்துகிற கமிட்டிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். எல்லைக்கோட்டுப் பக்கம் எல்லாக் குதிரைக்கும் ஒரே தொட்டியில் தண்ணீர் வைக்காதீர்கள். ஒரு குழாய் போட்டுவிடுங்கள், வாளி அவரவர் கொண்டுவரட்டும். மூக்கு ஒழுகும் குதிரையோடு வருகிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். இந்த வருஷம் எங்கள் ஊர்க் கமிட்டியில் நானும் தம்பியும் இதைக் கேட்டிருக்கிறோம், குழாய்க்கு ஆகிற செலவை ஏற்றுக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறோம்.